மிதிக்கட்டைக்குப் பின்னால்

பாளையம்பட்டி ஆலயத்தின் பாடகர் குழுவில் ஆளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தபலாக்காரர் தூண்டிலும் கையுமாகக் கண்மாய் கண்மாயாக அலைவார். கட்டைக் குரலில் பாடுகிற மில் தொழிலாளி ஒருவர், மல்லாங்கிணற்றில் சடுகுடு என்று கேள்விப்பட்டால் சாப்பாட்டை மறந்து பஸ் ஏறிவிடுவார். போதகர் பொன்ராஜ் ஐயாவே வீட்டைச் சுற்றிக் குரோட்டன்ஸ் செடி வளர்த்து, அதில் ஓர் இலை பழுத்தால் முகம் வாடுகிறவர்தான். இதையெல்லாம் யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. பிடில் இன்பராஜின் பைத்தியம்தான் சபைக் கமிட்டி வரைக்கும் போனது. அவருக்குப் பாம்பு பிடிக்கும். இரண்டு அர்த்தத்திலும் பிடிக்கும்.

வார நாட்களில் அவர் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் திருச்சுழி ரோட்டில் சைக்கிளை மிதித்துப் போய், கண்மாய்க் கரை உடைமரக் காட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். சாரைப்பாம்பு எலி வளைக்குள் தலையை விட்டு இழுப்பதையும், பச்சைப்பாம்பு காற்றில் ஆடும் கொடியோடு தானும் சேர்ந்து ஆடுவதையும் வெயில் சாயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். யார் வீட்டிலாவது பாம்பு புகுந்தால் அவருக்கு ஆள் வரும். குடைக் காம்பையும் ஒரு சாக்குப் பையையும் எடுத்துக்கொண்டு போய், பிடித்து, காட்டில் விட்டுவிட்டு வருவார். மகுடியோ மந்திரமோ கிடையாது. ஏன் இந்த வேலை என்று கேட்டால், "பாக்க நல்லா இருக்கும்" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஒருநாள் பாட்டுப் பயிற்சிக்கு வருகிற வழியில், பருத்திக் காட்டில் நாலைந்து பேர் கல்லும் கையுமாக நிற்பதைப் பார்த்தார். நடுவில் ஒரு மண்ணுளிப் பாம்பு. விஷமில்லாத, யாரையும் கடிக்காத சாது. சாக்குப் பை அன்றைக்குக் கையில் இல்லை. பாம்பைப் பிடில் பெட்டிக்குள் வைத்து மூடி, பிடிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். பயிற்சி முடிந்ததும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தார். பெட்டியின் கொக்கி தளர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பயிற்சி நடுவில் பெட்டியைவிட்டு வெளியே வந்த பாம்பை முதலில் பார்த்தவர் சௌந்தரம் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். ஆலயத்தில், துருத்தியைக் காலால் மிதிக்கும் கால் ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் கத்தவில்லை. எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போதகர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்கு அவருடைய கை நடுங்கியது. சிறு வயதில் அவருடைய தம்பி பாம்பு கடித்துச் செத்தவன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இன்பராஜுக்கும் தெரியும். அதை அந்த நேரத்தில் யோசிக்காமல் போனது தன்னுடைய தப்பு என்று அவர் போய்ச் சொன்னபோது, டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கமிட்டி கூடியது. செக்ரட்டரி வெள்ளத்துரை மிளகாய் மண்டி வைத்திருந்தவர். பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்வார்.

"ஏவாள ஏமாத்துனது யாருன்னு ஆதியாகமத்துல எழுதியிருக்குய்யா. அதக் கொண்டாந்து ஆலயத்துக்குள்ள வச்சிருக்கீரு. பிடிலா, பாம்பா? ரெண்டுல ஒண்ணச் சொல்லும்."

இன்பராஜ் "பிடில்" என்றார். பீடத்தின் முன்னால் நின்று, இனிப் பாம்பைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். அன்றைக்கே அவர் மனைவி ஞானப்பூ அந்தச் சாக்குப் பையை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தாள். கலியாணம் ஆன நாளிலிருந்து அவள் எரிக்கக் காத்திருந்த பை அது.

அதற்குப் பிறகு அவர் திருச்சுழி ரோட்டுப் பக்கம் போகவில்லை. ஆள் வந்து கூப்பிட்டாலும், "நான் விட்டுட்டேன்ப்பா" என்று அனுப்பிவிடுவார். அவர்கள் போய் அடித்துக் கொன்றிருப்பார்கள் என்பது தெரியும். அன்று சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரின் இடதுபக்கம் நின்று பிடில் வாசிப்பார். டீச்சர் அவரோடு பேசுவதில்லை. பாட்டுத் தொடங்க வேண்டும் என்றால் தலையை லேசாக அசைப்பார், அவ்வளவுதான்.

அப்படி ஒரு வருஷம் ஓடியது. அறுபத்தேழாம் வருஷம் தை மாதக் கடைசியில் அறுப்பின் பண்டிகை வந்தது.

அந்தப் பண்டிகைக்கு மட்டும் ஆலயம் களத்துமேடு மாதிரி ஆகிவிடும். விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்கு என்று கொண்டுவந்து வைப்பார்கள். அந்த வருஷமும் நெற்கதிர்க் கட்டு, பருத்திப் பொதி, மல்லி மூட்டை, மிளகாய் வற்றல், பூசணிக்காய், காலைக் கட்டிய கோழிகள் என்று பீடத்தைச் சுற்றிக் குவிந்திருந்தன. திருச்சுழிப் பக்கத்துச் சபைக்காரர்கள் முந்தின நாளே வண்டியில் சோளத்தட்டைக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வாலிபர்கள் அவற்றைப் பக்கவாசலை அடைத்து நிறுத்தி, கால் ஆர்மோனியத்தின் இருபுறமும் தோரணம் மாதிரி சாய்த்து அலங்காரம் பண்ணியிருந்தார்கள். பாடகர் குழுவுக்கு முன்னால் பாய் விரித்து, பள்ளிப் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்திருந்தார்கள். பெரியவர்கள் சுவரோரம் வரைக்கும் நின்றார்கள். எல்லோரும் செருப்பை வெளியே விட்டிருந்தார்கள்.

முதல் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் டீச்சர் முகத்தைச் சுளித்தார். ஆர்மோனியத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வறுத்த மல்லியை அம்மியில் வைத்து வறட்டு வறட்டென்று அரைப்பதுபோல இருந்தது. துருத்தியை எலி கடித்திருக்கிறது, காற்று ஒழுகுகிறது என்று நினைத்து, டீச்சர் இன்னும் வேகமாக மிதித்தார். சத்தமும் கூடியது.

இன்பராஜும் முதலில் துருத்தி என்றுதான் நினைத்தார். பாட்டு முடிந்தது. டீச்சரின் கால்கள் மிதிக்கட்டைகள் மேல் அசையாமல் நின்றன. துருத்தி அடங்கியது. ஜெபத்துக்காகச் சபை முழுவதும் தலை குனிந்து அமைதியானது. அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இன்பராஜ் காதைச் சாய்த்துக் கேட்டார். சீறுகிற சத்தம் இல்லை அது. உடம்பைச் சுருட்டி, செதிலோடு செதிலை உரசினால் வருகிற சத்தம். அந்தக் கரிசல் காட்டில் அப்படிச் சத்தம் போடுவது ஒன்றே ஒன்றுதான்.

டீச்சர், மிதிக்கட்டைக்குப் பின்னால் என்ன கிழிந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக, கையை நீட்டிக் குனிந்தார்.

"டீச்சர், குனியாதீக."

கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வருஷத்தில் அவர் டீச்சரிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஏனென்று விளங்காவிட்டாலும், நீட்டிய கையை டீச்சர் எடுத்துக்கொண்டார்.

ஜெபம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கியது. ஜனங்கள் வரிசையாக வந்து படைக்கிற பாட்டு; நீளமானது. டீச்சர் மிதிக்க ஆரம்பித்தார். இன்பராஜ் பிடிலைத் தோளில் வைத்தபடியே ஓரடி நகர்ந்து நின்று பார்த்தார். கிழக்கு ஜன்னல் வெயில் ஆர்மோனியத்தின் அடிப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. இடது மிதிக்கட்டை கீழே போகும்போதெல்லாம் அதன் பின்னால் ஓர் இடுக்கு திறந்தது. அந்த இடுக்கில், செம்மண் நிறத்தில், கயிற்றைச் சுற்றிப் போட்டதுபோல அது கிடந்தது. தலை நடுவில் நிமிர்ந்திருந்தது. டீச்சரின் வெறும் குதிகாலுக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும்.

சுருட்டை விரியன். சோளத்தட்டைக்குள் படுத்தே வந்திருக்க வேண்டும்.

பிடில் வாசிப்பை அவர் விரல்கள் தாமாகப் பார்த்துக்கொண்டன. மனம் வேறு கணக்குப் போட்டது. பாம்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். பக்கவாசலைத் தட்டை அடைத்திருக்கிறது. பாயில் இருக்கிற பிள்ளைகள்தான் முதலில் மிதிபடுவார்கள். டீச்சர் பதறிக் காலை இழுத்தால் அது கொத்தும். இப்போது கொத்தாமல் இருப்பதற்குக் காரணம், கால் ஒரே சீராக மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பதுதான். அந்த அசைவு அதற்குப் பழகியிருக்கிறது. ஆக, டீச்சர் வாசிப்பை நிறுத்தக்கூடாது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். பாம்பு என்றால் டம்ளர் பிடிக்க முடியாமல் கை நடுங்கியவரிடம், அவர் முகம் பார்க்க விரும்பாத மனிதர் சொல்ல வேண்டும்.

பிடிலோடு குனிந்து, பாட்டின் சத்தத்துக்கு அடியில் சொன்னார்.

"டீச்சர், நான் சொல்றதக் கேட்டுக்கிட்டே வாசிங்க. கால நிறுத்தாதீக, வேகத்தக் கூட்டாதீக. மிதிக்கட்டைக்குப் பின்னால ஒண்ணு கெடக்கு."

டீச்சரின் விரல் ஒரு கட்டையில் தவறி விழுந்து மீண்டது. கால் நிற்கவில்லை.

"என்னது?"

இன்பராஜ் தயங்கினார். சாரை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"சுருட்ட."

டீச்சரின் கண் நேராகச் சுவரைப் பார்த்தது. அடுத்த அடி முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க கொண்டாந்ததா?"

"இல்ல டீச்சர். தட்டையில வந்திருக்கு."

"எங்க தம்பியக் கடிச்சது அதுதான்."

"இப்ப கால எடுத்தாத்தான் கடிக்கும். பிள்ளைகள வெளிய அனுப்பிட்டு வாரேன். அதுவரைக்கும் இதே மாதிரி மிதிச்சுக்கிட்டு இருக்கணும். முடியுமா?"

டீச்சரின் மேல்உதட்டில் வியர்வை பொடித்திருந்தது. தலையை லேசாக அசைத்தார்.

பிடிலைக் கீழே வைத்துவிட்டு இன்பராஜ் பீடத்துக்கு நடந்தார். ஆராதனை நடுவில் பாடகர் ஒருவர் பீடத்தில் ஏறுவது வழக்கமில்லை. முதல் வரிசையில் இருந்த வெள்ளத்துரை புருவத்தை நெரித்தார். போதகரின் காதில் இன்பராஜ் சொன்னதும், அவர் கையிலிருந்த வேதபுத்தகத்தை மூடி வைத்தார். குரல் மாறாமல் சபையைப் பார்த்துப் பேசினார்.

"பிரியமானவர்களே, இந்த வருஷம் ஆண்டவர் தந்த விளைச்சலை வானத்துக்குக் கீழே நின்று படைப்போம். பாட்டை நிறுத்த வேண்டாம். பாடிக்கொண்டே எல்லாரும் வெளியே பந்தலுக்குப் போகலாம். பிள்ளைகள் முதலில் எழுந்திருக்கட்டும்."

பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பந்தலில் சமையல் நடந்துகொண்டிருந்தது. அங்கே நிற்க இடம் ஏது என்று யாரோ கேட்டார்கள். போதகர் தாமே இறங்கி வந்து முதல் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தார். பிள்ளைகள் பாடிக்கொண்டே எழுந்தார்கள். பாட்டின் கடைசி அடி முடிந்ததும் டீச்சர் மறுபடி முதலடிக்குப் போனார். கூட்டமும் கூடவே போனது. ஆர்மோனியம் நின்றிருந்தால் என்னவென்று எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அது நிற்கவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் பெண்களும், பெண்களுக்குப் பின்னால் ஆண்களும் போனார்கள். ஒரு சின்னப் பெண், விட்டுப்போன ரிப்பனை எடுக்க ஆர்மோனியத்தை நோக்கி ஓடிவந்தாள். இன்பராஜ் அவளை அப்படியே தூக்கி, போகிறவர்களின் கையில் கொடுத்தார்.

கூட்டம் வடியும்வரை டீச்சர் ஒரே தாளத்தில் மிதித்தார். ரவிக்கையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. உரசல் சத்தம் விட்டுவிட்டு வந்தது. சில நேரம் நின்றுபோனது. நின்றுபோகும்போதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளத்துரை போகவில்லை. ஏதோ இருக்கிறது என்று ஊகித்து ஆர்மோனியத்தின் அருகில் வந்தவர், இடுக்கைப் பார்த்துவிட்டார். மறு நிமிஷம் பூசணிக்கொடி கட்டியிருந்த கம்பு ஒன்றை உருவிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நீங்க பின்னாடி குதிச்சுருங்க. நான் அடிச்சுருதேன்."

இன்பராஜ் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். "அண்ணாச்சி, கம்ப எறக்குங்க. நெழல் விழுந்தாலே கொத்திப்புடும்."

"ஒம்ம பாம்பாசைக்கு இது நேரமாய்யா? வெலகும்."

"செக்ரட்டரி" என்றார் டீச்சர். விரல்கள் வாசித்துக்கொண்டே இருந்தன. குரல் வகுப்பறையில் பேசுகிற குரல். "அங்கயே நில்லுங்க. இவரு சொல்றபடிதான் நான் செய்வேன்."

வெள்ளத்துரை நின்ற இடத்திலேயே நின்றார்.

இன்பராஜிடம் குடைக் காம்பு இல்லை, பை இல்லை. சுற்றிப் பார்த்தார். பீடத்தின் ஓரத்தில் காணிக்கைப் பை சாய்ந்திருந்தது. நீண்ட மரப்பிடியின் முனையில் சிவப்பு வெல்வெட் பை. அதை எடுத்தார். வெள்ளத்துரை அதைத் தடுக்கவில்லை.

"டீச்சர், மொதல்ல வலது கால். மெதுவா, மேல வரும்போது அப்படியே எடுத்து வெளிய வச்சுருங்க. எடது கால் மட்டும் மிதிக்கட்டும்."

வலது கால் வந்தது. ஒரு காலின் காற்றில் ஆர்மோனியம் ஈனசுரத்தில் முனகியது. வெளியே பந்தலில் பாடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

"இப்ப நான் பைய நடுவுல விடுவேன். 'இப்ப'ன்னு சொன்னதும் எடத இழுத்துக்கிருங்க. அதுக்கு முந்தி இழுக்காதீக."

தரையோடு தரையாகக் குனிந்து, வெல்வெட் பையை இடுக்கின் ஓரமாக அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். உரசல் சத்தம் வேகமெடுத்தது. குதிகாலுக்கும் தலைக்கும் நடுவில் சிவப்புத் துணி வந்தது.

"இப்ப."

டீச்சர் காலை இழுத்தார். அதே கணத்தில் பாம்பு பாய்ந்து வெல்வெட்டைக் கொத்தியது. டீச்சர் பெஞ்சோடு மல்லாந்து விழுந்து, கைகளை ஊன்றிப் பின்னுக்கு நகர்ந்து சுவரில் போய் முட்டிக்கொண்டார். கால் இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

பாம்பு இடுக்கிலிருந்து வெளியே வந்து, பக்கவாட்டில் நழுவி, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய்க்கு அடியில் புகுந்தது. அது தானாக வெளியே வரட்டும் என்று இன்பராஜ் பையை விரித்துத் தரையில் வைத்தார். வெள்ளத்துரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பதற்றத்தில் குனிந்து பாயின் நுனியைக் கையால் பிடித்துத் தூக்கினார். அவர் பிடித்த இடத்துக்கு அடியில்தான் அது கிடந்தது. இன்பராஜ் தன் இடது கையால் அவர் கையைத் தட்டிவிட்டார்.

வெள்ளத்துரையின் கையில் விழ வேண்டிய பல் இன்பராஜின் மோதிர விரலில் இறங்கியது.

வெள்ளத்துரை அடித்தார். ஒரே அடியில் முடிந்தது. பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். "போதும் அண்ணாச்சி" என்று இன்பராஜ் சொன்னபோதுதான் நிறுத்தினார். விரலில் இரண்டு பொட்டு ரத்தம். இன்பராஜ் நசுங்கிக் கிடந்த பாம்பையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

பருத்திப் பொதி ஏற்றிவந்த லாரி வெளியே நின்றது; அதில் இன்பராஜை ஏற்றிக்கொண்டு போனார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கான மருந்து மதுரையில்தான் கிடைக்கும், நிற்காமல் போங்கள் என்றார். மதுரைக்குக் கிளம்பும்போது இன்பராஜை முன்சீட்டில் உட்காரவைத்து, ஞானப்பூ ஒரு பக்கமும் டீச்சர் ஒரு பக்கமும் ஏறிக்கொண்டார்கள். போதகரும் வெள்ளத்துரையும் பின்னால் நின்றபடி வந்தார்கள். ஏறும்முன் வெள்ளத்துரை, விரலைக் கீறி ரத்தத்தை எடுத்துவிடலாம் என்று பிளேடு கேட்டார். இன்பராஜ் கையை மடியில் வைத்து மூடிக்கொண்டார்.

"கீறாதீக. இது கடிச்சா ரத்தம் உறையாது. கீறுனா நிக்காது."

லாரி காரியாபட்டி ரோட்டில் ஓடியது. கை முழங்கை வரை வீங்கிக்கொண்டு வந்தது. ஞானப்பூ அவர் தோள் துண்டை முறுக்கிப் பிடித்திருந்தாள். டீச்சர்தான் பேசினார்.

"வாயத் தெறங்க."

திறந்தார். டீச்சர் ஈறைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "வாயத் தெறங்க."

ஒவ்வொரு தடவையும் ஞானப்பூ டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆடுகள் அவசரப்படவில்லை.

"எங்க தம்பி பேரு ஏசுவடியான்" என்றார் டீச்சர் திடீரென்று. "காலையில கடிச்சுச்சு. வீக்கம் எறங்கிருச்சுன்னு எங்கய்யா மந்திரிச்சுக் கயிறு கட்டிக் கூட்டியாந்தாக. சாயங்காலம் அவன் சிரிச்சான். பல்லெல்லாம் செவப்பா இருந்துச்சு. வெத்தல போட்டியாலேன்னு கேட்டேன்." நிறுத்தினார். "அதுக்கப்புறம் அவன் பேர நான் சொன்னதே இல்ல."

இன்பராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் சொல்லவிடவில்லை. ஈறில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியிருந்தது. டீச்சர் டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணே, ஆட்டு மேல ஏத்தாம எவ்வளவு வெரசாப் போக முடியுமோ போங்க" என்றார். ஞானப்பூ விளங்கிக்கொண்டாள். துண்டை விட்டுவிட்டு அவருடைய நல்ல கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

மதுரையில் மருந்து இருந்தது. ஏற்றினார்கள். முதல் இரண்டு நாள் நம்பிக்கை சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. விரல் மட்டும் கறுத்துப்போனது; மேல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். பிடில்காரனுக்கு அந்த விரல் எவ்வளவு முக்கியம் என்று டாக்டருக்குத் தெரியாது. இன்பராஜும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய வாரம் வெள்ளத்துரை வந்தார். ஒரு கூடை நிறையச் சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார். வெகுநேரம் மழையைப் பற்றியும் மிளகாய் விலையைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்.

"கமிட்டியில பேசிட்டோம் இன்பராஜு. அந்த வாக்கு... அத நாங்க கணக்குல வச்சுக்கிறல. ஒம்ம இஷ்டம் போல இரும்."

அடுப்படியிலிருந்து ஞானப்பூ வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க ரத்துப் பண்ணலாம். நான் பண்ணல. லாரியில இவுக கையப் பிடிச்சுக்கிட்டு வந்தவ நான்."

வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டு போனார். இன்பராஜ் சாத்துக்குடிக் கூடையை எடுத்து உள்ளே வைத்தார். அன்றைக்குக் கணவன் மனைவிக்குள் அதைப் பற்றிப் பேச்சில்லை. அதற்குப் பிறகும் பல நாள் இல்லை.

ஈஸ்டர் முடிந்து அவர் மறுபடி பிடிலைத் தொட்டார். குட்டையான விரல் நரம்பை எட்டவில்லை. சில கீர்த்தனைகளை விட்டுவிட வேண்டியிருந்தது. மற்றதை மூன்று விரலால் சமாளித்தார். டீச்சரும் அவரும் எந்தப் பாட்டு முடியும், எது முடியாது என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். பாம்பைப் பற்றி டீச்சர் ஒருமுறைதான் கேட்டார். பெண் சுருட்டை முட்டை போடுமா என்று. குட்டி போடும் என்றார் அவர். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, நெசவாளர் தெருவிலிருந்து பால்ச்சாமி என்பவர் ஓடிவந்தார். தறிக்குழிக்குள் பாம்பு இறங்கியிருக்கிறதாம். தெருவே கம்போடு நிற்கிறதாம்.

"நான் விட்டுட்டேன்ப்பா" என்றார் இன்பராஜ். சொல்லிவிட்டு உட்கார முடியாமல் நின்றார். கை, வேட்டியின் மடிப்பை எடுத்து எடுத்து விட்டது.

ஞானப்பூ அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய்ப் பச்சைக் கோடு போட்ட ஒரு தலையணை உறையை எடுத்துவந்தாள்.

"நானும் வாரேன்" என்றாள். "நான் இல்லாம இனி எங்கயும் போகக்கூடாது. கைய விட்டுத் தொடக்கூடாது. நான் போதும்னு சொன்னா வந்துரணும்."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாதீக."

"கேக்குறேன் ஞானப்பூ."

தறிக்குழிக்குள் கிடந்தது சாரை. பயந்துபோய் மூலையில் ஒடுங்கியிருந்தது. உறையின் வாயை விரித்து வைத்து, ஒரு கம்பால் பின்னாலிருந்து நெருக்கியதும், அது இருட்டைத் தேடித் தானாக உள்ளே போனது. ஞானப்பூ குழியின் விளிம்பில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே நடந்து போகும்போது அவருக்கு ஒரு கையில் உறையைப் பிடித்துக்கொண்டு ஓடைச் சரிவில் இறங்கச் சிரமமாக இருந்தது. பிடிப்பு இன்னும் சரியாக வரவில்லை. ஞானப்பூ நின்றாள்.

"இது கடிக்குமா?"

"கடிச்சாலும் வெசம் இல்ல. மேல முடிச்சுப் போட்டிருக்கு."

கொடுங்கள் என்று கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். உடம்பிலிருந்து தள்ளி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் முன்னால் இறங்கினாள்.

"கனமா இருக்கு" என்றாள்.